டீசண்டான பையன்

முல்லைக்கு விடிகாலை நாலு மணியில் ஒரு வாசம் உண்டு. கடைத்தெருவில் காலை எட்டு மணிக்கு முழம் போட்டு வாங்குகிறீர்களே, அந்த முல்லையின் வாசம் வேறு. நான் சொல்வது ஈரச் செம்மண்ணும், முந்தின நாள் பாய்ச்சிய தண்ணீரும், கையில் பிடித்திருக்கும் லாந்தரின் மண்ணெண்ணெயும், முன்னால் குனிந்து பறித்துக்கொண்டே போகும் அப்பத்தாவின் வெற்றிலை பாக்கும் சேர்ந்து வரும் வாசம். மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்துவிட வேண்டும் என்பதால் கீரமங்கலத்துப் பக்கம் பூக்கொல்லை வைத்திருக்கும் வீடுகளில் கோழிக்கு முன்னால் மனிதர்கள் எழுந்துவிடுவார்கள். எனக்குப் பறிக்கத் தெரியாது, காம்போடு பிய்த்துவிடுவேன். ஆகவே விளக்குப் பிடிக்கும் வேலை. தூக்கத்தில் விளக்கு சாயும்போதெல்லாம் அப்பத்தா திரும்பிப் பார்க்காமலே “தம்பி, வெளிச்சம் எனக்கா, வானத்துக்கா?” என்பாள்.

மடி நிறைந்ததும் ஈரத்துணியில் மூட்டை கட்டி, அப்பா சைக்கிளில் வைத்து மிதிப்பார், பாரில் நான். பூ கமிஷன் கடைகள் இருக்கும் தெருவுக்குள் திரும்பும்போதே மூக்கு வழி சொல்லிவிடும். நனைந்த சாக்கு, தராசுத் தட்டின் இரும்பு, மல்லிகைக் குவியல், கனகாம்பரத்தின் வாசமில்லாத செம்மஞ்சள், சம்பங்கியின் கனத்த மணம், செண்டிப்பூவின் பச்சைக் காட்டம், எல்லாவற்றுக்கும் மேலே விலை கூவும் குரல்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் பூவைத் தொட முடியாத விலை இருக்கும். முகூர்த்தமில்லாத வாரத்தில் அதே பூவை வாங்க ஆளில்லாமல் குப்பையில் கொட்டிவிட்டு வெறும் துணியோடு திரும்புவோம். அன்றைக்கு அப்பா பேசமாட்டார், சைக்கிள் மட்டும் கிரீச் கிரீச்சென்று பேசும்.

எங்கள் ஊர்ப் பெயரே கீரனிடமிருந்து வந்ததுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கீரன் என்றால் நக்கீரன். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையாகவே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் சிவனோடே வாதாடியவர். எங்கள் ஊர் மெய்நின்றநாதர் கோயிலில் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் 81 அடிச் சிவன் சிலை அப்போது இல்லை. ஆனால் ‘திருவிளையாடல்’ படத்தில் ஏ.பி. நாகராஜன் நக்கீரராக வந்து சிவாஜி முன்னால் நிமிர்ந்து நின்றது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வாதத்தில் எனக்கு மட்டும் ஒரு தனி முடிவு இருந்தது. அய்யா போன பிறகு அப்பத்தா பூ வைப்பதில்லை. வைக்கக்கூடாது என்றார்கள். ஆனாலும் பறித்துவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்திருக்கும்போது அவள் தலையை மோந்து பார்த்தால் முல்லை மணக்கும். வைக்காத பூ எப்படி மணக்கிறது என்று நக்கீரரைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

டீசண்ட் என்ற சொல் இந்த வீட்டுக்குள் நுழைந்தது நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வருகிறார் என்று இங்கிலீஷ் வாத்தியார் “எல்லாரும் டீசண்டா வரணும்” என்றார். நல்ல மனிதர், கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது அவர் கண் என் சட்டையில் ஒரு நொடி நின்றது. அது பலாப்பால் கறை. எங்கள் பக்கம் கோடையில் பிள்ளைகளின் சட்டைகளில் அந்தக் கறை இல்லாமல் இருக்காது. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுப்போமே தவிர, சட்டைக்கு யார் எண்ணெய் தடவுவது? காய்ந்து பழுப்பாகி, ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம் மாதிரி நெஞ்சிலே நிற்கும்.

டீசண்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. காதில் டீசல் மாதிரி விழுந்தது. டீசல் தெரியும், கிணற்றடி இஞ்சினுக்கு ஊற்றுவது. அதற்கு அண்ணன் தம்பி ஏதாவதாக இருக்குமோ என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சித்தப்பாதான் புதுக்கோட்டையில் கல்லூரிக்குப் போய் வந்தவர். அவர் என் வெள்ளைச் சட்டையை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, நீலம் போட்டு அலசி, செம்புக்குள் கங்கு போட்டுத் தேய்த்து, காலையில் காக்கி டவுசருக்குள் அதை விட்டு இன் பண்ணி, டவுசர் நழுவாமல் அரைஞாண் கயிற்றோடு சேர்த்து ஒரு சுருட்டுச் சுருட்டி, முகத்தில் பவுடர் அப்பி அனுப்பினார். வாத்தியார் பார்த்தார். “ம், டீசண்ட்” என்றார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து அந்தச் சொல்லுக்கு என்னிடம் பொருள் இருந்தது: வெள்ளைச் சட்டை, இன், பவுடர். அந்த மூன்றும் இருந்த நாளில் நான் நடந்த நடையே வேறு.

சித்தப்பாவிடம் லிப்கோ அகராதி ஒன்று இருந்தது, முதுகு கிழிந்து மைதா பசை போட்டு ஒட்டியது. ஒருநாள் அவர் இல்லாதபோது எடுத்துத் தேடினேன். பொருத்தமான, தகுந்த, நாகரிகமான என்கிற மாதிரி போட்டிருந்தது. நாகரிகம் என்றால் என்ன சித்தப்பா என்று சாயங்காலம் கேட்டதற்கு, “நகரத்துலேருந்து வந்த சொல்லுடா, நகரத்துல இருக்கவுக பழக்கவழக்கம்” என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். நகரம் என்பது எங்கள் பக்கத்து ஊர். சேந்தன்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கேயும் பூக்கொல்லைதான், தென்னந்தோப்புதான், அங்கே என்னோடு படித்த பையனின் சட்டையிலும் பலாப்பால்தான். அவனிடம் இல்லாத நாகரிகம் அந்த ஊரிலிருந்து எப்படி வந்திருக்கும் என்று ஒரு வாரம் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகுந்த என்பதற்குப் பொருள் கேட்கத்தான் அப்பத்தாவிடம் போனேன். அவள் திண்ணையில் கால் நீட்டி, கால் பெருவிரலில் நாரைச் சுற்றிப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“தகுந்ததுன்னா என்னா அப்பத்தா?”

“அரளிய தலையில வைப்பாகளாடா?”

“வைக்க மாட்டாக.”

“ஏன், அது அழகா இல்லியா?”

“அழகாத்தான் இருக்கு.”

“சாமிக்குப் போடுறோமுல்ல?”

“ஆமா.”

“அம்புட்டுதான்” என்று நாரைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். செண்டி வாசலுக்கு, சம்பங்கி மாலைக்கு, கனகாம்பரம் மல்லிகைக்கு நடுவில், கோழிக்கொண்டை மாலையின் குஞ்சத்துக்கு. ஒன்றும் மட்டமில்லை, ஒன்றும் உசத்தியில்லை, இடம்தான் வேறு. எனக்கு அப்போது விளங்கியதா என்றால், இல்லை. என் மனசில் வெள்ளைச் சட்டை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த ஆடியில் எங்கள் வீட்டில் மொய் விருந்து வைத்தோம். இதைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல், அந்தப் பக்கம் பேராவூரணி வட்டாரம் முழுக்க ஆடி ஆவணியில் பந்தலுக்குப் பந்தல் கறி வேகும். கல்யாணம், காதுகுத்து என்று காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்காகவே விருந்து. பத்திரிகை அடித்து, பல வீட்டுக்காரர்கள் சேர்ந்தும் வைப்பார்கள். வந்தவர் சாப்பிட்டு, பேரும் ஊரும் சொல்லி மொய் எழுதிவிட்டுப் போவார். அது இனாமும் இல்லை, வட்டிக் கடனும் இல்லை. அவர் வீட்டு முறை வரும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்து, முடிந்தால் மேலே கொஞ்சம் கூட்டியும் எழுத வேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, ஒரு நோட்டு மட்டும். அந்தப் பணத்தில்தான் போர் போட்டார்கள், ஓட்டு வீடு கட்டினார்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கும் போர் போடத்தான் பணம் வேண்டியிருந்தது. கிணறு அடிமண்ணைக் காட்டிவிட்டிருந்தது.

பந்தல் கால் நட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கீற்றுப் பந்தலின் பச்சை வாசம், அண்டாவில் கொதிக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு, சோற்றைக் கொட்டும் பாய், தண்ணீர் தெளித்த வாழையிலை, தென்னை மரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் காது கிழியும் பாட்டு. மொய் எழுதியவர் மாமா முறை, எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் காது கொஞ்சம் மந்தம். ஆகவே கொடுப்பவர் சொல்லும் பேரையும் தொகையையும் அவர் காதில் உரக்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்கு என்னைப் போட்டார்கள். வெள்ளைச் சட்டை, இன், பவுடர். இத்தனை டீசண்டான பையனை அன்றைக்கு அந்தப் பந்தலில் நீங்கள் பார்த்திருக்க முடியாது. “ரூபா அம்பத்தொண்ணு!” “ரூபா நூத்தியொண்ணு!” என்று கத்தக் கத்த, பணம் எவர்சில்வர் குண்டானில் விழுந்தது.

உச்சிப்பொழுதில் ஒரு அயித்தை வந்தார். அப்பாவுக்குத் தூரத்துத் தங்கச்சி முறை. அவர் புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த நோட்டுகளும் சில்லறையுமாக எண்ணி வைத்து, தன் பேரை மெதுவாகச் சொன்னார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். கத்திய அந்த நொடியில் பாட்டு முடிந்து இசைத்தட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலே அமைதியாக இருந்தது. “ரூபா அஞ்சு!” என்ற என் குரல் பந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. யாரோ சிரித்தார்கள். என்னையா, அந்தத் தொகையையா, வேறு எதையோவா, தெரியாது. அயித்தை அவிழ்த்த முந்தானையை மறுபடி முடிந்துகொண்டே இருந்தார். உள்ளே ஒன்றும் இல்லாத முடிச்சை.

பந்தியில் நின்ற அப்பத்தா நேராக வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. எழுதுகிறவரிடம், “தம்பி, பழத்த எழுதுனியா?” என்றாள். அவர் நிமிர்ந்தார். “ரூபா அஞ்சு, பலாப்பழம் ஒண்ணு. மேற்பனைக்காட்டுலேருந்து தலையில வச்சுத் தூக்கியாந்துருக்கா. விடாம எழுது.” அப்போதுதான் பந்தல் காலோரம் அந்தப் பழத்தைப் பார்த்தேன். சீசன் கடைசிப் பழம், சிறிசு, வெடிக்கத் தொடங்கி, ஈ மொய்க்காமல் இருக்க மேலே வேப்பங்கொத்து. அப்பத்தா அயித்தையின் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் ஓர் இலையைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். விருந்து வைத்த வீட்டுக்காரி கடைசியில்தான் சாப்பிடுவாள் என்பது எங்கள் பக்கத்து முறை. அப்பத்தா முறையை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இருவரும் சம்பந்தமே இல்லாமல் எருமை சினையாக இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ராத்திரி குழல்விளக்கெல்லாம் கழற்றிய பிறகு, திண்ணையில் அவள் பக்கத்தில் படுத்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “சட்டைய உள்ள விட்டுப் போடத் தெரியுது. சத்தத்த உள்ள விடத் தெரியலயே தம்பி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “குடுக்குற கையும் கூசக்கூடாது, வாங்குற கையும் கூசக்கூடாது. கூசுனா, அது தகாது” என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். நான் விழித்திருந்தேன். கொடியில் என் வெள்ளைச் சட்டை தொங்கியது. அதில் அன்றைக்குக் கறை ஒன்றும் இல்லை.

வெகுகாலம் கழித்து, வேலைக்காக ஊரைவிட்டுப் போய் இங்கிலீஷிலேயே காலம் தள்ள வேண்டி வந்தபோது, இந்த டீசண்ட் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். இங்கிலீஷுக்கு அது 16-ஆம் நூற்றாண்டில் வந்த சொல், பிரெஞ்சிலும் இருந்தது. வேர் லத்தீனில். ‘டெக்கெரெ’ என்றால் தகுதல், பொருந்துதல். ‘டெக்கெத்’ என்று சொன்னால் நம் ‘தகும்’ தான். முதலில் அவரவர் நிலைக்கும் கடமைக்கும் ஏற்றபடி இருப்பதைக் குறித்தது. பிறகு ஆபாசமில்லாதது, பிறகு பரவாயில்லை என்று சொல்லும்படி சுமாரானது, 20-ஆம் நூற்றாண்டில் அன்பும் பெருந்தன்மையும் உள்ள மனிதர் என்று அதன் பொருள் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நாடகக் கொட்டகையில் ஒப்பனை அறைக் கதவைத் தட்டி, உடுத்தியாயிற்றா என்று கேட்பதற்கும் இந்தச் சொல்லே. ஆறாம் வகுப்பில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பொருள் மட்டும்தான் போலிருக்கிறது.

இந்தச் சொல்லுக்குச் சொந்தபந்தம் நிறைய. அதே வேரில் பிறந்ததுதான் டெக்கரேஷன். எங்கள் ஊர்ப் பூவெல்லாம் மண்டபங்களுக்கு எதற்குப் போகிறதோ அது. டிக்னிட்டி என்று மரியாதையைச் சொல்கிறார்களே, அதுவும். கற்பிப்பவர் என்ற பொருளில் தொடங்கிய டாக்டரும் அந்தக் குடும்பம்தான். கி.மு. 44-இல் சிசரோ என்ற ரோமானியர், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தகுவதையும் அறத்தையும் எண்ணத்தில் பிரிக்கலாமே ஒழிய நடப்பில் பிரிக்க முடியாது என்பது அவர் கட்சி. ரோமானிய அப்பா ஒருவர் மகனுக்கு எழுதியதை எங்கள் திண்ணையில் அப்பத்தா ஓர் அரளிப்பூவை வைத்துச் சொல்லிவிட்டிருந்தாள்.

இன்னும் பின்னால் போனால், அந்த வேரின் வேர் ‘எடுத்துக்கொள், ஏற்றுக்கொள்’ என்ற பொருளுடையது என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்தவர்கள். அந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழிலும் அதேதான். ஏற்றல் என்றால் கை நீட்டி வாங்குவது. ஏற்றது என்றால் பொருத்தமானது. இரண்டு மொழிகளுக்கும் உறவு இல்லை; இரண்டு இடத்திலும் மனிதர்கள் தனித்தனியாக ஒரே வழியில் போயிருக்கிறார்கள். எதை ஒருவர் கூசாமல் ஏற்க முடியுமோ அதுவே ஏற்றது. நாகரிகம் என்ற சொல்லும் திருக்குறளில் கண்ணோட்டம் என்ற 58-ஆவது அதிகாரத்தில்தான் வருகிறது. பழகியவர் நஞ்சை ஊற்றுவதைப் பார்த்த பிறகும், அவர் முகம் சுருங்கக் கூடாதென்று உண்டு அமைகிறவர் விரும்பும் நாகரிகம் அது. நகரத்துக்கும் சட்டைக்கும் அங்கே வேலையே இல்லை.

தகும், தகாது என்ற சொற்கள் எல்லாக் காலத்திலும் நல்ல வேலையே பார்த்தன என்று சொல்ல மாட்டேன். இன்னார் செருப்புப் போட்டு இந்தத் தெருவில் நடப்பது தகாது, இன்னாருக்கு இந்தக் குவளை தகாது, புருஷன் போனவளுக்குப் பூ தகாது என்று அதே சொல்லை வைத்து எத்தனை பேரைக் கூச வைத்திருக்கிறோம். வாழ்நாளெல்லாம் பூப் பறித்த கைக்கு ஒரு முழம் பூவை மறுத்தது எந்த முறை? அந்த முறைகளை எல்லாம் அப்பத்தாவின் அளவுகோலில் வைத்தால் ஒன்றுகூடத் தேறாது. யாரோ ஒருவர் கூசினார் என்றால் அது தகாது, அவ்வளவுதான்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. ஊருக்குப் போய் இறங்கியபோது அடையாளம் தெரியவில்லை. தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன, அய்யா நட்ட பலா வேரோடு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஆயிரம் பேருக்கு இலை போட்ட வீட்டுக்காரர்கள் சாலையோரம் அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் நின்றார்கள். எங்கிருந்தோ வேனில் வந்த பையன்களில் ஒருவன், இருபது வயதிருக்கும், நனைந்து கிழிந்த பனியன், காலெல்லாம் சேறு. வரிசைக்கு வரத் தயங்கிக் கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டு, மூட்டையைத் தானே தூக்கி வந்து திண்ணையில் வைத்தான். “அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?” என்று கேட்டான். அம்மா உள்ளே போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, “நல்ல தண்ணிம்மா” என்று சொல்லிப் போனான். அந்த மொய்ப் பணத்தில் போட்ட போரின் தண்ணீர் அது.

மறுநாள் அப்பத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அவள் போய்ப் பல வருஷமாகியிருந்தது. ஓடு பறந்த இடத்தில் மழை இறங்கி, மொய் நோட்டுகள் ஊறிப் போயிருந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் திண்ணையில் வெயிலில் பரப்பி, பறக்காமல் கூழாங்கல் வைத்தேன். மாமாவின் முத்தெழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தது. அந்த ஆடி விருந்தின் பக்கத்தைத் தேடினேன். நாலைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டு வரவே மறுத்தன.

“என்னத்தடா தேடுற?” என்றார் அம்மா, வாசலில் விழுந்து கிடந்த மட்டையை இழுத்தபடி.

அயித்தையின் பேரைச் சொன்னேன்.

அம்மா நிமிரக்கூட இல்லை. “ரூபா அஞ்சு, பலாப்பழம் ஒண்ணு” என்றார். “அவுக மக கல்யாணத்துக்கு ஒங்க அப்பத்தா திருப்பிச் செஞ்சுட்டா. ரூபாயும் செஞ்சா, நம்ம கொல்லைப் பழமும் ஒண்ணு தலையில வச்சுத் தூக்கிட்டுப் போனா, மேற்பனைக்காடு வரைக்கும், நடந்து.”